அனந்தலுக்கு ஆவணம் கேட்பவர்கள்

2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் கர்நாடக உயர்நீதிமன்றம் ஒரு பணியிடைநீக்க ஆணையை ரத்து செய்தது. கல்யாண கர்நாடக சாலைப் போக்குவரத்துக் கழகத்தின் காவலர் ஒருவர் பணிநேரத்தில் உறங்கிவிட்டார். அக்காட்சி காணொளியாகப் பரவியது. கழகம் அவரைப் பணியிடைநீக்கம் செய்தது. ஏறத்தாழ அறுபது நாள்கள் தொடர்ந்து இரட்டைப் பணிமுறையில் ஒருவரை வேலைவாங்கிவிட்டு, பிறகு அவர் கண்ணயர்ந்ததற்காகத் தண்டிப்பது முறையாகாது என்பது நீதிபதி எம். நாகபிரசன்னா அளித்த தீர்ப்பின் சாரம். அதற்கும் முன்பே, 2012இல் ராம்லீலா மைதான வழக்கில், உறக்கம் அரசமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. இவ்விரு தீர்ப்புகளையும் கல்விப்புலத்தார் பலர் பாராட்டினர், பாராட்டத்தக்கவையே.

ஆனால் அந்தப் பாராட்டுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. அந்தக் காவலரிடம் காரணம் ஒன்று இருந்தது. வருகைப் பதிவேட்டைப் புரட்டி எண்ணிக் காட்டக்கூடிய காரணம். இரவில் ஒன்பது மணிநேரம் நன்றாக உறங்கிவிட்டு வந்து, அதன்பிறகும் நாற்காலியில் அவர் தலை சாய்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அவருக்காக ஒரு வரிகூட எவரும் எழுதியிருக்கமாட்டார்கள். உழைத்துக் களைத்தவரின் உறக்கத்துக்குச் சமூகம் இரங்கும். போதிய அளவு உறங்கியும் பகலில் விழித்திருக்க இயலாதவரைச் சோம்பேறி என்று எழுதி மூடிவிடும். இந்த இரண்டாம் வகையினர் பல்கலைக்கழகங்களில் இருக்கிறார்கள். அவர்களை அந்நிறுவனங்கள் நடத்தும் விதம் அறிவுக்கும் சட்டத்துக்கும் ஒருங்கே புறம்பானது.

பெங்களூரு காக்ஸ் டவுனில் வாடகை அறை ஒன்றில் தங்கி முனைவர்பட்ட ஆய்வு செய்யும் ஒருவரைக் கற்பனை செய்துகொள்ளலாம். எந்தத் தனிமனிதரையும் குறிக்காமல், இந்நிலையில் வாழ்வோர் பலரும் சொல்பவற்றைச் சேர்த்து அமைத்த உரு இது. இரவு பத்து மணிக்கு விளக்கணைக்கிறார். காலை ஏழுக்கு வைத்த அலாரத்தை அவர் கையே அணைக்கிறது. அணைத்தது அவர் நினைவில் இல்லை. பெங்களூரு கிழக்கு நிலையத்தைக் கடக்கும் ரயிலின் ஓசையோ, சந்தைக்குச் செல்வோரின் பேச்சோ அவரை எட்டுவதில்லை. எட்டரைக்கு எவரோ கதவைத் தட்ட எழுந்து அமர்கிறார். அடுத்த முக்கால் மணிநேரம் அவர் எழுந்தவரும் அல்லர், உறங்குபவரும் அல்லர். சட்டையைக் கையில் பிடித்தபடி நிற்கிறார். கேட்ட கேள்விக்கு வேறேதோ விடை வருகிறது. மேசைமேல் இருக்கும் சாவியை அதே மேசையில் தேடுகிறார். வீட்டுக்கார அம்மாள் அன்பானவர்தான். “ஏம்பா, ராத்திரி முழுக்க போனையே பாத்துக்கிட்டு இருந்தியா?” என்று கேட்கிறார். “மத்தியானம் தயிர்சாதத்தைக் குறைச்சுக்கோ, எல்லாம் சரியாப்போகும்” என்றும் சொல்கிறார். இரண்டு டம்ளர் காப்பிக்குப் பின் நூலகம். பதினொரு மணிக்கு ஒரே பத்தியை நான்காம் முறையாகப் படித்துக்கொண்டிருக்கிறார். நண்பகலில் இரண்டு மணிநேரம் உறங்கினாலும் தெளிவு வருவதில்லை. உறங்குமுன் இருந்ததைவிட மந்தம் கூடியிருக்கிறது. மாலை ஆறுக்குமேல்தான் மூளையில் விளக்கு எரியத் தொடங்குகிறது. அப்போது துறையின் கதவு பூட்டியிருக்கும்.

செக் நாட்டு நரம்பியலாளர் பெட்ரிச் ரோத் 1950களிலேயே பிராகில் இத்தகைய நோயாளர்களைக் கண்டு, விழிப்பின் தொடக்கத்தில் நேரும் இந்தத் தடுமாற்றத்துக்கு ‘உறக்கப் போதை’ என்ற பொருள்படும் பெயரைத் தந்தார். பின்னர் 1970களில் அந்த முழுநிலையையே தனி நோயாக வரையறுத்தார். இடியோபதிக் ஹைப்பர்சோம்னியா என்பது இன்றும் நிலைத்திருக்கும் அதன் பெயர். தமிழில் காரணமறியா மிகையுறக்கம் எனலாம். காரணத்தை அறியாதவர் யார்? மருத்துவர். அறியாமை அவருடையது என்று அந்தப் பெயரே நேர்மையாக ஒப்புக்கொள்கிறது. ஆனால் மருத்துவமனையிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்தச் சொல்லின் பொருள் திரிந்துவிடுகிறது. ‘காரணம் தெரியவில்லை’ என்பது ‘காரணம் இல்லை’ என்றாகிறது. பிறகு ‘நோயே இல்லை’ என்றாகிறது. எழுதிய வாக்கியத்துக்கு மேற்கோள் காட்டாவிட்டால் மாணவரைக் கடிந்துகொள்ளும் பேராசிரியர்கள், இந்தத் தாவலை எந்தச் சான்றும் கேளாமல் ஏற்கிறார்கள்.

பகல் தூக்கத்தோடு வருபவரிடம் முதலில் எளிய காரணங்களைத் தேடவேண்டும் என்பதில் பூசலுக்கு இடமில்லை. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019–21, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தச்சோகை இருப்பதாகக் காட்டியது. எட்டு நகரங்களில் நடந்து 2013இல் வெளியான ஆய்வொன்று பெரியவர்களில் ஏறத்தாழ 11 விழுக்காட்டினருக்குத் தைராய்டு சுரப்புக் குறைவைக் கண்டது. பி12 குறைபாடு, மனச்சோர்வு, குறட்டையோடு வரும் மூச்சுத்தடை ஆகியவற்றையும் பார்த்தாக வேண்டும். பெங்களூருக்கே உரிய ஒன்றையும் சேர்க்கலாம். மகரந்தமும் பார்த்தீனியமும் கட்டுமானப் புழுதியும் நிறைந்த இந்நகரில் மூக்கடைப்புக்காகத் தினமும் ஒரு செட்டிரிசின் விழுங்குவோர் ஏராளம். மருந்துக்கடையில் சீட்டின்றி வாங்கும் சளி மாத்திரையில் இருக்கும் குளோர்பெனிரமின் அதைவிடக் கடுமையாக மயக்கும். மாத்திரையை நிறுத்தியதும் தெளிவடைந்துவிடும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் நல்லூழ் வாய்த்தவர்கள்.

பூசல் தொடங்குவது இவையெல்லாம் முடிந்தபின். இரத்தம் சரி, தைராய்டு சரி, மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆயிற்று, இரவுமுழுதும் மின்முனைகளை ஒட்டி எடுத்த உறக்கப் பதிவும் சரி. ‘எல்லாம் நார்மல்’ என்ற அறிக்கையோடு அவர் வெளியே வருகிறார். நார்மல் என்ற சொல்லைக் கேட்டு அழுகிறவர்கள் இந்த நோயாளிகள் மட்டுமாகத்தான் இருக்கவேண்டும். ஏனெனில் அந்தக் காகிதம் இனி அவருக்கு எதிரான சாட்சி.

அந்த அறிக்கைகளின் பின்னாலுள்ள அளவுகோல்களைச் சற்று ஆராய்ந்தால் சாட்சியின் நம்பகத்தன்மை விளங்கும். உலகெங்கும் வழங்கும் எப்வர்த் தூக்க அளவுகோலை ஆஸ்திரேலியாவின் மரி ஜான்ஸ் 1991இல் வெளியிட்டார். படிக்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும்போது, கார் போக்குவரத்து நெரிசலில் நிற்கும்போது என எட்டுச் சூழல்கள். மொத்தம் 24 மதிப்பெண். 10ஐத் தாண்டினால் மிகைத்தூக்கம். உறங்கிவிடும் வாய்ப்பை மட்டுமே அது கேட்கிறது. விழித்திருந்தும் தெளிவில்லாமல் இருக்கும் நிலையை, எழுந்தபின் முக்கால் மணிநேரம் சொற்கள் வராமல் போவதை, அது கேட்பதில்லை. அடுத்தது, ஸ்டான்ஃபோர்டில் மேரி கார்ஸ்கடனும் வில்லியம் டிமென்ட்டும் 1970களில் உருவாக்கிய பகல் சோதனை. இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை, நான்கைந்து தடவை, இருட்டறையில் படுக்கவைத்து எத்தனை நிமிடத்தில் உறக்கம் வருகிறது என்று அளப்பார்கள். சராசரி எட்டு நிமிடமோ அதற்குக் குறைவோ எனில் நோய். எட்டரை நிமிடம் எனில்? எமரி பல்கலைக்கழகத்தின் லின் மேரி ட்ராட்டியும் உடனாய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய மிகையுறக்க நோயாளர்களுக்கு அதே சோதனையை மறுபடி நடத்தியபோது பாதிக்கும் மேற்பட்டோருக்கு நோய்முடிவே மாறிவிட்டது. சோதனையின் குறையை உணர்ந்துதான் 2014இன் பன்னாட்டு வகைப்பாடு மாற்றுவழி ஒன்றையும் ஏற்றது: 24 மணிநேரத்தில் மொத்தம் 660 நிமிடம், அதாவது 11 மணிநேரம் உறங்குவதைப் பதிவுசெய்து காட்டினாலும் போதும்.

அந்த 24 மணிநேரப் பதிவைச் செய்துதரும் இடங்கள் எத்தனை? பெங்களூரில் ஓசூர் சாலையிலுள்ள நிம்ஹான்ஸில் உறக்க ஆய்வகம் இருக்கிறது. இந்தியாவின் பெரும்பாலான மாணவர்களோடு ஒப்பிட்டால் காக்ஸ் டவுன்காரர் பேறுபெற்றவர். மதுரையிலோ தார்வாடிலோ ஆய்வு செய்பவர் எங்கே போவார்? போனாலும், ஒரு நாள் சோதனை தரும் எண்ணுக்கு எதிராக அவருடைய பல்லாண்டு அனுபவம் எத்தனை கிராம் எடைபெறும்?

‘அப்படியென்றால் மனம்தான் காரணம்’ என்பது அடுத்து வரும் தீர்ப்பு. இதைச் சொல்வோர் துயில்மயக்க நோயான நார்கோலெப்சியின் வரலாற்றை அறியவேண்டும். பிரெஞ்சு மருத்துவர் ழெலினோ அதற்குப் பெயரிட்டது 1880இல். அதன்பின் பல பத்தாண்டுகள் மருத்துவத்துக்குக் காரணம் புலப்படவில்லை. அடிமனத்தின் தப்பித்தல் என்று உளப்பகுப்பாய்வாளர் சிலர் விளக்கம் எழுதினர், கட்டுரைகள் வெளியாயின. 1998இல் இரு ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே ஒரு மூளைவேதிப்பொருளைக் கண்டறிந்தன. ஓரெக்சின் என்றும் ஹைப்போகிரெட்டின் என்றும் இரட்டைப் பெயர் பெற்ற பொருள் அது. இரண்டே ஆண்டுகளில், நார்கோலெப்சி நோயாளர் பலரின் தண்டுவட நீரில் அது இல்லாமல் போயிருப்பது தெரியவந்தது. ஹைப்போதலாமசில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் அழிந்திருந்தது. விளக்கப்படாமை என்பது நோயின் இயல்பாக இருக்கவில்லை. அக்காலத்து ஆய்வுக்கருவிகளின் எல்லையாக இருந்தது. அடிமன விளக்கம் எழுதியவர்கள் வருந்தியதாகத் தெரியவில்லை, அது வேறு கதை.

மிகையுறக்கத்திலும் தடயங்கள் கிடைக்கத் தொடங்கியுள்ளன. எமரியின் டேவிட் ரை குழு 2012இல், இந்நோயாளர் சிலரின் தண்டுவட நீரில் உள்ள ஏதோவொன்று காபா-ஏ ஏற்பிகளின் செயலைக் கூட்டுவதைக் காட்டியது. உறக்க மாத்திரைகள் வேலைசெய்வதும் அதே ஏற்பிகளின் வழியாகவே. எல்லா நோயாளருக்கும் இது பொருந்தும் என்று எவரும் கூறவில்லை, விவாதம் தொடர்கிறது. 2021 ஆகஸ்டில் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இந்நோய்க்கென்றே முதன்முறையாக ஒரு மருந்துக்கு ஒப்புதல் தந்தது. இத்தனைக்கும் பிறகு ‘கொஞ்சம் மனவுறுதி வேண்டும் தம்பி’ என்று அறிவுரை சொல்லும் நெறியாளர், தம் துறைக்கு வெளியே இலக்கியம் தேடும் பழக்கமில்லாதவர்.

இந்த அறிவுரைக்குப் பின்னால் நீண்ட மரபு நிற்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. திருக்குறளின் 61ஆம் அதிகாரம் மடியின்மை. சோம்பலும் உறக்கமும் அங்கே அழிவுக்குரியவையாக அருகருகே வைக்கப்பட்டுள்ளன. அரசனுக்கும் குடிக்கும் முயற்சியை வற்புறுத்தும் நூல் அது, நோயியல் நூலன்று. அதை எடுத்து ஓர் ஆய்வு மாணவரின் தலையில் அடிப்பது வள்ளுவருக்குச் செய்யும் மரியாதையும் ஆகாது. கும்பகர்ணன் என்ற வசையும் இப்படியே. கும்பகர்ணனுக்குக்கூட உறக்கத்துக்குக் காரணம் ஒன்றைக் கதை வழங்கிவிட்டது: வரம் கேட்கையில் நாக்குப் பிறழ்ந்தது. காரணமே சொல்ல இயலாதவரை அவன் பெயரால் ஏசுவது உவமை அளவில்கூடப் பொருந்தவில்லை.

மரபின் இன்னொரு குரலைக் கவனிப்போர் குறைவு. திருப்பாவையின் ஒன்பதாம் பாசுரத்தில், எழுந்துவராத தோழியின் வாசலில் நிற்கும் பெண்கள் அவள் தாயிடம் வினவுகிறார்கள்: அவளுக்குப் பேச்சு இல்லையா, செவி கேளாதா, அனந்தலா, மந்திரம் எதிலாவது கட்டுண்டாளா? கேலிதான்; அடுத்த பாசுரத்தில் கும்பகர்ணனும் வந்துவிடுகிறான். ஆயினும் அந்த வினாவரிசையில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எழாமைக்கு ஒன்றுக்கு மேற்பட்ட காரணங்கள் இருக்கலாம் என்று ஆண்டாளின் பெண்கள் எண்ணிப்பார்க்கிறார்கள். அனந்தல் என்ற சொல்லையும் அவர்கள் பயன்படுத்துகிறார்கள்: உறக்கம், உறக்கத்தின் மயக்கம், எழுந்தும் தெளியாத கிறக்கம். ரோத் தேடிப்பிடித்த நிலைக்குத் தமிழில் வெகுகாலமாகவே சொல் உண்டு. துறைத்தலைவர்கள் நிரப்பும் படிவங்களில் மட்டும் அதற்கு இடமில்லை.

பெங்களூரு உறக்கத்தை மதிக்கும் நகரம் என்றொரு எண்ணமும் உலவுகிறது. இங்குள்ள மெத்தை நிறுவனமான வேக்ஃபிட், நூறு இரவுகள் ஒன்பது மணிநேரம் உறங்குவோருக்கு ஒரு லட்சம் ரூபாய் தரும் ‘உறக்கப் பயிற்சித்திட்டம்’ ஒன்றை 2019இல் அறிவித்தது. 2022 மே மாதம் தன் ஊழியர்களுக்கு நண்பகல் இரண்டு மணிமுதல் அரைமணிநேரம் குட்டித்தூக்க உரிமையும் வழங்கியது. விளம்பரம் என்ற அளவில் நல்ல விளம்பரம். ஆனால் அதன் உள்ளீடான கோட்பாடு என்ன? போதிய அளவு உறங்கினால் பகல் தெளிவாகும். அரைமணிநேரம் கண்ணயர்ந்தால் வேலைத்திறன் கூடும். ஒன்பது மணிநேரம் உறங்கியும் பகல் தெளியாதவர் அந்தக் கோட்பாட்டின் வாடிக்கையாளர் அல்லர். அவருக்கு அரைமணிநேரத் தூக்கம் தெளிவைக் கூட்டாமல் குறைக்கிறது. திரையைத் தள்ளிவை, காப்பியை மாலையில் தவிர், ஒரே நேரத்தில் படு என்னும் உறக்க ஒழுக்கக் குறிப்புகளும் இத்தகையவையே. உறக்கம் வராதவருக்கு எழுதிய மருந்துச்சீட்டை உறக்கம் விலகாதவர் கையில் திணிக்கிறார்கள். அவர் பின்பற்றுகிறார், பலன் இல்லை. சரியாகப் பின்பற்றியிருக்கமாட்டார் என்கிறார்கள்.

இனி சட்டம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. மிகையுறக்கம் அதில் பெயரளவில் இல்லை. ஆனால் ‘நாள்பட்ட நரம்பியல் நிலைகள்’ என்ற தலைப்பு இருக்கிறது. மல்டிபிள் ஸ்கிளிரோசிசும் பார்க்கின்சனும் அதன்கீழ் ‘போன்றவை’ என்ற பொருளில்தான் கூறப்பட்டுள்ளன. எடுத்துக்காட்டுகளை முழுப்பட்டியலாக வாசிப்பது அலுவலகத்தின் வசதி. அலுவலகம் அடுத்துச் சொல்வது, 40 விழுக்காடு குறைபாடு இருப்பதாகச் சான்றிதழ் கொண்டுவா என்பது. பல்கலைக்கழக மானியக்குழுவின் 2022ஆம் ஆண்டு முனைவர்பட்ட நெறிமுறைகளும் கூடுதல் இரண்டாண்டு அவகாசத்தைப் பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட குறைபாடு உடையோருக்குமே வைத்திருக்கின்றன. உறக்கத்தின் விழுக்காட்டை எந்த மருத்துவக் குழு எந்தத் தராசில் நிறுக்கும்?

இங்கேதான் விகாஷ் குமார் எதிர் மத்தியப் பணியாளர் தேர்வாணையம் என்ற வழக்கைத் துறைத்தலைவர்கள் படிக்கவேண்டும். எழுதும்போது கை இறுகும் நரம்பியல் நிலை கொண்ட ஒருவர் தேர்வுக்கு எழுத்தர் உதவி கேட்டார். 40 விழுக்காட்டு வரம்புக்குள் அவர் வரவில்லை என்று மறுத்தார்கள். 2021 பிப்ரவரி 11 அன்று உச்சநீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளியது. 40 விழுக்காட்டு வரம்பு இடஒதுக்கீடு போன்ற குறிப்பிட்ட சில பயன்களுக்கு உரியது; நியாயமான ஏற்பாடுகளைக் கோரும் உரிமை அந்த வரம்பால் கட்டுப்பட்டதன்று என்று அது தெளிவாக்கியது. கை எழுத மறுப்பதற்கும் மூளை விழிக்க மறுப்பதற்கும் இடையே சட்டத்தின் கண்ணில் என்ன வேறுபாடு இருக்கமுடியும்? தீர்ப்பு வந்த பின்னரும் பல்கலைக்கழகங்களின் படிவங்களில் அந்த 40 அசையாமல் உட்கார்ந்திருக்கிறது.

இப்படித் திறந்துவிட்டால் சோம்பேறிகளெல்லாம் நுழைந்துவிடுவார்கள் என்ற மறுப்பு எழும். எழட்டும். ஏமாற்றுவோர் எந்த ஏற்பாட்டிலும் சிலர் இருப்பார்கள். காய்ச்சலுக்குப் பொய்ச் சான்றிதழ் வருகிறது என்பதற்காகக் காய்ச்சலை எவரும் மறுப்பதில்லை. மேலும், காலைக் கூட்டத்தை மாலைக்கு மாற்றிக் கேட்பதால் ஒரு சோம்பேறி அடையும் இலாபம் என்ன? ஆய்வேடு அப்போதும் எழுதப்பட்டாகவேண்டும்; பக்கங்கள் அதே அளவுதான்; வாய்மொழித் தேர்வில் கேள்விகள் குறையப்போவதில்லை. ஒன்பதரை மணிக்குக் கையெழுத்திடாததைத் தவிர வேறு குற்றம் இல்லாத ஒருவரின் உதவித்தொகையை நிறுத்திவைப்பதால் அறிவுலகம் அடையும் இலாபத்தையும் அப்படியே கணக்கிட்டுச் சொல்லவேண்டிய பொறுப்பு மறுப்பாளர்களுக்கு உண்டு. தங்கள் இளமையில் விடியலில் எழுந்து படித்ததை நினைவுகூரும் மூத்த பேராசிரியர்கள், விடியலில் எழ இயன்ற உடலைத் தாங்கள் முயன்று ஈட்டவில்லை என்பதையும் சேர்த்து நினைவுகூரலாம்.

கேட்கப்படுபவை பெரியவை அல்ல. நெறியாளர் சந்திப்பும் முன்னேற்ற அறிக்கைக் கூட்டமும் பிற்பகல் நான்குக்கு மேல். பாடவேலை வகுப்புகளின் ஒலிப்பதிவு. தேர்வு காலையில் எனில் பிற்பகல் வேளைக்கு மாற்றிக்கொள்ளும் வாய்ப்பு. தினசரிக் கையெழுத்துக்கு மாற்றாக வாரந்தோறும் எழுதித்தரும் பணிக்குறிப்பு. நூலகத்தையும் ஆய்வகத்தையும் இரவு பத்துவரை திறந்துவைத்தல். நரம்பியல் மருத்துவர் எழுதித்தரும் கடிதத்தை, விழுக்காடு கேளாமல், நோய்க்குப் பெயர் இன்னும் உறுதியாகாவிட்டாலும், ஓராண்டுக்கு ஏற்றுப் பின்னர் புதுப்பித்தல். இவற்றுள் நூலக நேரத்துக்கு மட்டும் கொஞ்சம் பணம் செலவாகும்; எஞ்சியவற்றுக்குத் துறைக்குழுவின் ஒரு தீர்மானம் போதும். அடுத்த பருவத்தின் கால அட்டவணையைப் பல துறைகள் இன்னும் இறுதிசெய்யவில்லை.